வீட்டுப் பட்டறையும் சங்கத்தின் கடமையும்

ஒரு தறி நின்றுபோவதற்குப் பெரிய காரணம் வேண்டுவதில்லை. மிதிகட்டையைத் தாங்கும் ஆணி ஒன்று கழன்றாலும் போதும். படைமரத்தின் முனையில் ஒரு விரிசல் கண்டாலும் போதும். பழுதைச் சரிசெய்ய ஒரு மணி நேரமே பிடிக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேர வேலைக்காகத் தச்சரைத் தேடி அலைவதில் இரண்டு நாட்கள் கழிந்துவிடுகின்றன. அவ்விரண்டு நாட்களின் கூலியை நெசவாளருக்கு யாரும் ஈடுசெய்வதில்லை. மிளகாய்த் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் கைத்தெளிப்பானின் வாஷர் தேய்ந்து நிற்கும் நாளிலும், மண்வெட்டியின் காம்பு முறிந்த நாளிலும் விவசாயி அடையும் நஷ்டம் இத்தகையதே.

இந்த நிலையில், நம் அங்கத்தினர்கள் பலர் தத்தம் வீடுகளில் ஒரு சிறு பட்டறை அமைத்துக்கொள்ள விரும்புவதை நாம் மனமார வரவேற்கிறோம். பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் தறி இருக்கும் கூடத்தின் ஒரு மூலையிலும், கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கத்துக் கிராமங்களில் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையிலும் அதற்கு இடம் கிடைக்கும். நல்ல எண்ணந்தான். ஆயினும் எதை வாங்குவது, எப்படி வாங்குவது, எதை வாங்காமலிருப்பது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை காணாமல் கடைத்தெருவுக்குச் செல்பவர் கருவியோடு கடனையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவருவார் என்பதையும் எடுத்துரைப்பது நமது கடமையாகிறது.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது பழமொழி. வல்லவனின் திறமையைப் புகழ எழுந்த அச்சொல்லை, தொழிலாளிக்கு நல்ல கருவி தேவையில்லை என்று வாதிக்கச் சிலர் பயன்படுத்துகிறார்கள். மொட்டை உளியைக் கொண்டு வேலை செய்பவன் இருமடங்கு பலம் கொடுத்துத் தள்ளுகிறான்; உளி வழுக்கும்போது கையைக் கிழித்துக்கொள்கிறான். கருவியின் தரம் வேலையின் அழகுக்கு மட்டுமன்று, உடலின் பாதுகாப்புக்கும் உரியது.

எதை முதலில் வாங்குவது?

நூறு உருப்படிகள் அடங்கிய பெட்டி என்று விளம்பரம் செய்யப்படும் தொகுதிகள் இன்று ஏராளமாக விற்கப்படுகின்றன. கைப்பேசியில் படத்தைப் பார்த்ததும் ஆசை உண்டாவது இயற்கை. அந்த நூறில் நமக்குப் பயன்படுபவை பத்தைத் தாண்டுவது அரிது. அந்தப் பத்தும் மட்டமான இரும்பாக இருந்துவிட்டால் முழுத் தொகையும் வீண். பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் தரமான நாலைந்து கருவிகளைப் பொறுக்கி வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது நமது திடமான கருத்து.

முதலில் வாங்க வேண்டியவை அளவைக் கருவிகள். எஃகு டேப், மூலைமட்டம், ரசமட்டம் ஆகிய மூன்றும் இல்லாத பட்டறை பட்டறையாகாது. தறியின் சட்டம் கோணலாக இருந்தால் பாவின் இழைகள் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளரும். துணியின் ஓரம் நேராக அமையாது. சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று அறிய வழி எளிது. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்கும் சட்டத்தில் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு அளவுகளை எடுங்கள். இரண்டும் சமமானால் சட்டம் நேர், வேறுபட்டால் கோணல். இதற்கு டேப் ஒன்றே போதும்.

இரண்டாவதாக அறுக்கவும் செதுக்கவும் வேண்டியவை: ஒரு கைரம்பம், அகலம் வேறுபட்ட இரண்டு உளிகள், ஓர் இழைப்புளி, கொட்டாப்புளி, சுத்தி. மூன்றாவதாகப் பிடிக்கவும் முடுக்கவும் வேண்டியவை: குறடு, திருப்புளிகள், அடிக்கடி தேவைப்படும் அளவுகளில் ஸ்பானர்கள். இவற்றோடு ஓர் அரமும் தீட்டுக்கல்லும் கட்டாயம் வேண்டும். தீட்டுக்கல் வாங்காமல் உளி வாங்குவது, எண்ணெய் வாங்காமல் விளக்கு வாங்குவதைப் போன்றது.

எவ்வாறு பார்த்து வாங்குவது?

சுத்தியின் காம்பில் மரத்தின் ரேகை நுனி முதல் அடிவரை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் காம்பு சீக்கிரம் முறியும். ரம்பத்தின் தகட்டைச் சற்று வளைத்து விட்டால் அது தானாகவே நேராக நிமிர வேண்டும். குறட்டின் வாயை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் பற்களுக்கிடையே ஒளி சமமில்லாமல் தெரியலாகாது. திருப்புளியின் நுனி மழுங்கலாக இருக்கக்கூடாது. இவை கடைக்காரர் முன்னிலையிலேயே செய்யத்தக்க சோதனைகள். அவற்றுக்கு இடங்கொடாத கடையை விட்டு விலகிவிடலாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பொருளாயின் அதனருகே உரிம எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண் உண்மையானதா என்பதை இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைப்பேசிச் செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம். பில் கேட்டு வாங்குங்கள். மண்வெட்டி, அரிவாள், கோடரி போன்ற வேளாண் கைக்கருவிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்கு உண்டு. அவற்றுக்கு வரி சேர்த்துக் கேட்டால் ஏனென்று வினவ அங்கத்தினருக்கு உரிமை இருக்கிறது.

ஸ்பானரும் குறடும் ஜலந்தரிலிருந்தும் லூதியானாவிலிருந்தும் வரட்டும். அவை அவ்வூர்களின் நெடுநாளையத் தொழில். ஆனால் அரிவாளையும் மண்வெட்டியையும் களைக்கொத்தியையும் தொலைதூரத்திலிருந்து தருவிக்க வேண்டிய அவசியம் என்ன? திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் தமிழ்நாடெங்கும் அறிந்ததொன்று. 1985 ஆம் ஆண்டு இராமநாதபுரம் ஜில்லா மூன்றாகப் பிரிக்கப்படும் வரை அவ்வூர் நமது ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. கொல்லர் அடித்த அரிவாளின் முனை தேய்ந்தால் அவரிடமே கொண்டுபோய்ப் புதுப்பிக்கலாம். நமது கைக்குத் தக்க எடையிலும் வளைவிலும் செய்து தரும்படி கேட்கலாம். கைத்தறித் துணியை வாங்கும்படி ஊராரை வேண்டுகிற நாம், கைவினைக் கொல்லரின் உலையை அணைய விடுவது நியாயமாகாது.

உப்புக் காற்றின் பகைமை

நமது கரையோரத்தில் கருவி வாங்குவோர் மற்ற ஜில்லாக்காரர்கள் அறியாத ஒரு பகையையும் கணக்கில் கொள்ள வேண்டும். உப்புத் துகள் காற்றோடு வந்து இரும்பின்மேல் படிகிறது, ஈரத்தை இழுக்கிறது, துரு விரைவாக ஏறுகிறது. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் நூறாண்டுகளுக்கு மேல் இந்தப் பகையோடு போராடியது. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருவேறா எஃகுக் கம்பிகளையும் தனிவகைப் பூச்சையும் பயன்படுத்தியுள்ளனர். அத்தனை பெரிய பாலத்துக்கே இந்தக் கவலை என்றால், இராமேசுவரத்திலோ மண்டபத்திலோ வீட்டு மூலையில் கிடக்கும் ஓர் உளியின் கதி என்ன?

பரிகாரம் செலவு மிக்கதன்று. வேலை முடிந்ததும் கருவியை உலர்ந்த துணியால் துடைத்து, மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவி வையுங்கள். தேங்காயெண்ணெய் போன்றவை நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியை ஏற்கும். ஆகவே நெடுநாள் வைப்புக்கு அவை உகந்தவையல்ல. சிமெண்டுத் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காமல், மூடியுள்ள மரப்பெட்டியில் தரையைவிட்டு உயர்த்தி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வாரம் ஒரு முறையேனும் பெட்டியைத் திறந்து பார்ப்பது அவசியம்.

மின்கருவிகள்

துளையிடும் மிஷினும் கிரைண்டரும் உழைப்பை மிச்சப்படுத்துகின்றன என்பதில் ஐயமில்லை. அவற்றை நாம் வெறுப்பவர்களல்லர். ஆனால் கிரைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் வழக்கம் நம்மிடையே பரவியிருப்பது கவலை தருகிறது. சுழலும் கல் உடைந்தால் அதன் துண்டு கண்ணைத் தேடி வரும். கண்ணாடி அணியாமல் கிரைண்டரைத் தொடலாகாது. தொங்கும் துண்டோ தளர்ந்த வேட்டியோ அதன் அருகே வரலாகாது. மின் கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் சாதனத்தை வீட்டில் பொருத்தாமல் பட்டறை தொடங்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம். இன்னொன்று: கிரைண்டரில் உளியைத் தீட்டும்போது முனை நீலநிறமடைந்தால் எஃகின் தோய்ச்சல் போய்விட்டது என்று பொருள். அடிக்கடி நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியது

இனி நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறோம். வாரந்தோறும் கையில் எடுக்கும் கருவியை அங்கத்தினர் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். வருஷத்தில் மூன்று நான்கு முறை மட்டுமே தேவைப்படும் கருவியைச் சங்கம் பொதுவில் வைத்திருக்க வேண்டும். பட்டறை வைஸ், துளையிடும் மிஷின், கிரைண்டர், பெரிய ஸ்பானர் தொகுதி ஆகியவை இரண்டாவது வகை. ஒரு கணக்குக்காகச் சொல்கிறோம்: 40 அங்கத்தினர்கள் தலைக்கு ரூ.500 செலுத்தினால் ரூ.20,000 சேரும். அதே கருவிகளை நாற்பது வீடுகளும் தனித்தனியே வாங்கப் புகுந்தால் ஆகும் தொகையை அங்கத்தினர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

"பொதுச் சொத்து யாருக்கும் சொந்தமில்லாத சொத்து, ஒருவர் உடைத்து வைப்பார், மற்றவர் திருப்பித் தரமாட்டார்" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபம் அனுபவத்திலிருந்து பிறந்தது. அதை அலட்சியம் செய்வது தவறு. ஆயினும் அதற்கு மருந்து ஒழுங்குமுறை. கருவி ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்து, ஒரு பதிவேட்டில் வாங்கியவர், வாங்கிய நாள், திருப்பிய நாள், திருப்பியபோது இருந்த நிலை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். சிறு முன்பணமும் நாள் வாடகையும் வசூலித்து, அதைத் தேய்மான நிதியாகத் தனியே வைக்க வேண்டும். கருவியைத் தீட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஒருவரிடமே பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர் மட்டுமே பொறுப்பாளராக இருந்தால் பதிவேடு அழகாக இருக்கும். கருவி மொட்டையாக இருக்கும்.

அரசாங்க உதவிகளையும் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். 2016 டிசம்பரில் தொடங்கிய மத்திய அரசின் கைத்தறி உதவித் திட்டத்தில் தறிக்கும் துணைக்கருவிகளுக்கும் ஆகும் விலையில் 90 சதவீதத்தை அரசு ஏற்க வகைசெய்யப்பட்டது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய விசுவகர்மா திட்டம் தச்சர், கொல்லர் உள்ளிட்ட 18 தொழில்களுக்குக் கருவி வாங்க ரூ.15,000 வரை உதவி அறிவித்தது. அதை அந்த வடிவில் ஏற்காத தமிழ்நாடு அரசு, 2025 இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கி, ரூ.3 லட்சம் வரை கடனும் அதில் ரூ.50,000 வரை 25 சதவீத மானியமும் அறிவித்தது. விதிகள் மாறக்கூடியவை; விண்ணப்பிக்குமுன் கைத்தறித் துறை அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் கேட்டுத் தெளிய வேண்டும். தறி மானியத்தில் கிடைக்கலாம். அத்தறியின் ஆணி தளரும்போது முடுக்க வேண்டியவர் நெசவாளரே என்பதை மறக்கலாகாது.

தவணைக் கடனில் கருவி வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. 1844 இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் தலைக்கு ஒரு பவுன் சேர்த்துக் கூட்டுறவுக் கடையைத் தொடங்கினார்கள்; அவர்களில் பலர் நெசவாளர்கள். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்ற அக்கடையில் கலப்படம் கூடாது, எடை குறையக்கூடாது, கடனுக்கு விற்பதில்லை என்பவை உறுதியான விதிகள். கடன் சுமையால் வாடிய மக்களே கடனில்லா வாணிகத்தை விதியாக்கினார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. மாதம் ஒரு கருவி என்று ரொக்கத்துக்கு வாங்குகிறவரின் பட்டறை ஓராண்டில் நிறைவு பெறும். அந்த ஓராண்டில் அவர் ஒவ்வொரு கருவியையும் பயன்படுத்தக் கற்றுமிருப்பார்.

2023 பிப்ரவரியில் இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நமது மண்ணுக்கும் உழைப்புக்கும் கிடைத்த மதிப்பு அது. மிளகாய்க்குப் பெயர் வந்தால் போதாது. அதை விளைவிக்கும் கையில் கூர்மையான கருவியும் இருக்க வேண்டும்.

ஆகவே வரும் மகாசபைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் மூன்று தீர்மானங்களை ஆலோசிக்கும்படி வேண்டுகிறோம்: பொதுக் கருவிச் சாலை ஒன்றைச் சங்கக் கட்டடத்திலேயே அமைப்பது, அங்கத்தினர்களின் தேவையைத் திரட்டி மொத்தமாகக் கொள்முதல் செய்வது, மாதம் ஒரு நாள் மூத்த தச்சரையும் கொல்லரையும் தக்க ஊதியம் கொடுத்து அழைத்து, இளைஞர்களுக்குக் கருவி தீட்டவும் தறி பழுது பார்க்கவும் கற்பிப்பது. மூன்றாவது தீர்மானமே மிக அவசரமானது. கருவியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். அதை ஆளத் தெரிந்த முதியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள்.