கூட விழித்திருக்க

திருவண்ணாமலையில் தவக்காலத்தின் கடைசி வாரம் பெரும்பாலும் கூட்டத்தோடுதான் வரும். கூட்டம் எங்கள் தேவாலயத்துக்கு வருவதல்ல, மலையைச் சுற்றும் கிரிவலத்துக்கு வருவது. மார்ச் 21-லோ அதற்குப் பின்போ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் உயிர்ப்புப் பெருவிழா என்பது திருச்சபையின் பழைய கணக்கு. அதனால் பங்குனிப் பௌர்ணமியோ, சில வருஷம் சித்திரைப் பௌர்ணமியோ எங்கள் புனித வாரத்தை ஒட்டியே வந்துவிடும். இந்த 2026-ல் ஏப்ரல் 1 இரவு கிரிவலம், மறுநாள் பெரிய வியாழன். பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்தவர்கள் விடியற்காலையில் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருப்பார்கள்.

இயேசு கெத்சமனித் தோட்டத்தில் தவித்ததும் நிலா வெளிச்சத்தில்தான். பாஸ்கா பௌர்ணமியில் வருகிற பண்டிகை. அன்றிரவு அவர் சீடர்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கூட விழித்திருக்கச் சொன்னார், அவ்வளவுதான். உடன் கூட்டிப்போன மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். துன்பக் கிண்ணத்தை அகற்றும்படி தந்தையிடம் மன்றாடினார், அதுவும் அகலவில்லை. வானதூதர் ஒருவர் வந்து அவரைத் திடப்படுத்தியதாக லூக்கா மட்டும் எழுதுகிறார். தூதர் என்ன சொன்னார் என்று அவரும் எழுதவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன். ஆறுதல் சொல்ல வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாயைத் திறந்துதான் கெடுக்கிறார்கள்.

அம்மா இறந்த வருஷம் எனக்கு அப்படி ஆறுதல் நிறையக் கிடைத்தது. நல்லவர்களை ஆண்டவர் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வாராம். அப்படியானால் மிச்சமிருக்கிற நாங்கள்? அந்தப் பெரிய வியாழன் இரவு பூசை முடிந்து பீடத்துணிகளை எடுத்துவிட்டார்கள். நற்கருணையைப் பக்கப் பீடத்தில் வைத்து, ஒவ்வொரு அன்பியத்துக்கும், அதாவது பங்கின் ஒவ்வொரு சிறு குழுவுக்கும், ஒரு மணி நேரம் என்று ஆராதனை நடந்தது. பக்கத்துத் தெரு அத்தைக்கு முறை முடிந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை. மூட்டு வலித் தைலம் மணக்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும் ஃபிளாஸ்க்கைத் திறந்து சுக்குக் காப்பி ஊற்றினார். "குடிம்மா, ஆறிடப் போகுது."

வலியோடு கூட இருப்பது இந்த மலைக்கும் புதிதல்ல. 1950-ல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 9. அதே வாரம் 14-ஆம் தேதி இரவு, மலையடிவாரத்து ஆசிரமத்தில் ரமண மகரிஷி மறைந்தார். இடக்கையில் புற்று, நான்கு அறுவை சிகிச்சை; அப்படியும் பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. முந்தைய ஆண்டு அவரைத் தரிசித்த பிரெஞ்சுத் துறவி ஆன்றி லெ சோ, பின்னாளில் அபிஷிக்தானந்தர், அடுத்த சில வருஷங்களில் இந்த மலைக் குகைகளில் வந்து வந்து தங்கினார். திருச்சபைக்கும் இந்த மலைக்கும் நடுவே கிழிபட்ட வேதனை அவருடைய நாட்குறிப்பு முழுக்க இருக்கிறது. கேள்வி தீரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பூசையும் வைத்தார், தியானத்திலும் உட்கார்ந்தார்.

இந்த வருஷம் பெரிய வியாழன் ஆராதனையில் எங்கள் அன்பியத்துக்குப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் வீட்டுக்காரர் மாதக்கணக்காகப் படுக்கையில் இருக்கிறார். ஜெபமே வரமாட்டேங்குது அக்கா என்றாள். ஜெபிக்க வேண்டாம், சும்மா வந்து உட்காரு என்றேன். தூக்கம் வந்தால்? தூங்கிக்கோ, அப்போஸ்தலர்களே தூங்கினவர்கள்தானே என்றேன். வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.