விலைச்சீட்டில் இல்லாத கேள்விகள்

செயல்விளக்கம் எப்போதும் பிரமாதமாகவே நடக்கிறது. மூக்குக் கண்ணாடியின் காம்பில் விரல் அளவு காமிரா. எதிரே ஓர் ஆங்கிலச் செய்தித்தாள். விற்பனைப் பிரதிநிதி பொத்தானைத் தொட்டதும், தலைப்புச் செய்தி காதோரத்தில் ஒலிக்கிறது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அம்மா குலதெய்வத்தை நினைத்துக்கொள்கிறார். கண்ணாடியை அணிந்திருக்கும் மகள் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. விலை லட்சங்களில் என்று தெரிந்ததும் பிராவிடண்ட் ஃபண்டில் எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கு ஆரம்பமாகிவிடுகிறது.

இது ஒரு வீட்டின் கதை அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம். அவர்களுக்கான கருவிகள் வெளிநாட்டு விலையில் வருகின்றன. வாங்குபவர்களின் வருமானமோ உள்நாட்டு அளவில் இருக்கிறது. எனவே வாங்கலாமா, வேண்டாமா என்பது பல குடும்பங்களில் கல்யாணச் செலவுக்கு நிகரான விவாதம்.

விலை ஏன் இவ்வளவு? பேராசை மட்டுமே காரணம் அல்ல. தொட்டுப் படிக்கும் பிரெய்ல் திரையை எடுத்துக்கொண்டால், ஒவ்வோர் எழுத்துக்கும் ஆறு அல்லது எட்டு ஊசிகள் நொடிக்கு நொடி ஏறி இறங்க வேண்டும். ஒவ்வோர் ஊசியையும் மின்சாரம் பட்டால் வளையும் ஒரு பீங்கான் பட்டை தூக்குகிறது. நாற்பது எழுத்துத் திரை என்றால் 320 ஊசிகள். இதை வாங்குபவர்கள் உலகெங்கும் சொற்பம். டிவியைப் போல லட்சக்கணக்கில் தயாரித்தால் விலை குறையும்; ஆனால் லட்சக்கணக்கில் விற்காது. வேறு வழி கண்டுபிடிக்கப் பார்வையற்றோருக்கான அமைப்புகள் பல நாடுகளிலிருந்து கைகோத்தன. அதன் விளைவாக வந்த 20 எழுத்து 'ஆர்பிட் ரீடர்' அமெரிக்காவில் 500 டாலருக்கும் குறைவாக விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் அந்த விலையைக் கற்பனை செய்தவர்கள் குறைவு.

காத்திருந்தால் விலை இறங்கும் என்பதற்கு வரலாற்றில் சாட்சி உண்டு. அச்செழுத்தை உரக்கப் படிக்கும் முதல் இயந்திரத்தை அமெரிக்காவில் ரே கர்ஸ்வெய்ல் 1976இல் அறிமுகம் செய்தபோது அது ஒரு மேஜையையே அடைத்துக்கொண்டது. விலை பல்லாயிரம் டாலர். இன்று அதே வேலையை ஆண்ட்ராய்ட் போனில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் செயலிகள் செய்கின்றன. ரூபாய் நோட்டின் மதிப்பைச் சொல்ல ரிசர்வ் வங்கியே 2020 ஜனவரியில் 'மணி' என்ற செயலியை வெளியிட்டது. அதற்கு விலையும் இல்லை, இன்டர்நெட்டும் தேவை இல்லை.

கம்ப்யூட்டர் திரையைப் படித்துச் சொல்லும் ஸாஃப்ட்வேரின் கதையும் இதுதான். 1989இல் தொடங்கிய 'ஜாஸ்' பல ஆண்டுகள் அலுவலகங்களில் கோலோச்சியது. முழு உரிமத்துக்குப் பல்லாயிரம் ரூபாய் வேண்டும். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், பார்வை உள்ளவர்கள் சும்மா பார்க்கும் திரையைத் தான் மட்டும் ஏன் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆதங்கத்தில் 'என்விடிஏ'வை எழுதத் தொடங்கினார். பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் டேயும் சேர்ந்துகொண்டார். அது இன்றும் இலவசம். தமிழும் படிக்கிறது.

அப்படியானால் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனமா? இங்கேதான் கணக்கு புரள்கிறது. காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அது பில்லில் வராது. கல்லூரியில் சேர்ந்திருக்கும் மாணவியிடம் ஐந்து வருடம் பொறுத்தால் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. ஐந்து வருடத்தில் கல்லூரி முடிந்துவிடும். அலுவலகத்தின் பழைய ஸாஃப்ட்வேரோடு ஜாஸ் மட்டுமே ஒத்துப்போகிறது என்றால், அதை வாங்காமல் வேலையை விடுவது சிக்கனம் ஆகாது. சில மாதச் சம்பளத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும்.

பிரெய்ல் விஷயமும் அப்படித்தான். எல்லாவற்றையும் காதால் கேட்டே வளரும் குழந்தைக்குப் பாடம் தெரியும், எழுத்துப் பிழை தெரியாது. றகரமா ரகரமா என்பதைக் குரல் தெளிவாகச் சொல்லிவிடாது. கணக்கில் அடைப்புக்குறி எங்கே முடிகிறது என்பதை விரல்தான் உறுதியாக அறியும். 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையில் தமிழ் 'அ'வுக்கும் இந்தி 'அ'வுக்கும் ஒரே புள்ளி. மும்பையில் வளரும் தமிழ்க் குழந்தை இரு மொழிகளையும் ஒரே விரலால் படிக்கலாம். இந்தக் குழந்தைக்கு பிரெய்ல் திரை ஆடம்பரம் அல்ல. சிலேட்டும் பலப்பமும் போன்றது.

ஆக, விலை அதிகமா குறைவா என்பது முதல் கேள்வி அல்ல. எந்த வேலைக்கு, ஒரு நாளில் எத்தனை முறை என்பதே முதல் கேள்வி. தினமும் ஆறு மணி நேரம் பயன்படும் 50,000 ரூபாய்க் கருவி மலிவு. மாதம் இருமுறை கடிதம் படிக்க உதவும் 5,000 ரூபாய்க் கருவி விலை அதிகம். அந்த வேலையைப் போனே செய்யும். இரண்டாவது, இலவசமாகக் கிடைப்பதை முழுதாகப் பயன்படுத்திப் பார்த்தாகிவிட்டதா? என்விடிஏவை மூன்று மாதம் முறையாகப் பழகியவருக்குத்தான் அதில் எது இல்லை என்று தெரியும். அந்த இல்லாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கலாம்.

மூன்றாவது, மொழி. செயல்விளக்கத்தில் காட்டப்படுவது பெரும்பாலும் தெளிவான ஆங்கில அச்சு. வீட்டுக்கு வருவதோ மராத்தியில் மின்கட்டண ரசீது, தமிழில் கல்யாணப் பத்திரிகை, டாக்டரின் கையெழுத்து. கருவியைச் சோதிக்கப் போகிறவர்கள் இவற்றையும் பையில் எடுத்துப்போக வேண்டும். நான்காவது, பழுது. எந்த ஊரில் யார் சரிசெய்வார்கள், எத்தனை நாளாகும், அதுவரை மாற்றுக் கருவி உண்டா?

இந்த நான்காவது கேள்வி சாதாரணமானது அல்ல. 1971இல் விற்பனைக்கு வந்த 'ஆப்டகான்', அச்செழுத்தின் வடிவத்தை 144 அதிரும் ஊசிகளால் விரல் நுனிக்குக் கொண்டுவந்தது. பழகியவர்கள் அதைப் பிரிய மறுத்தார்கள். ஆனால் 1996இல் தயாரிப்பு நின்றது. 2005இல் நிறுவனமே மூடப்பட்டது. உதிரிபாகத்துக்காக அவர்கள் பழைய கருவிகளைத் தேடி அலைந்தார்கள். இன்னும் கொடுமை 'ஆர்கஸ் 2'. விழித்திரையில் பொருத்தும் இந்தச் செயற்கைக் கருவிக்கு அமெரிக்க அரசு 2013இல் அனுமதி அளித்தது. விலை சுமார் 1.5 லட்சம் டாலர். 2019இல் நிறுவனம் அதைக் கைவிட்டது. கண்ணுக்குள் கருவியோடும், வெளியே பழுதுபார்க்க ஆளின்றியும் பலர் தவித்ததை 2022இல் அமெரிக்கப் பொறியியல் இதழ் ஒன்று வெளிக்கொண்டுவந்தது. கருவியை வாங்குபவர், அதைத் தயாரிக்கும் கம்பெனியின் எதிர்காலத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

பணம் முழுவதும் குடும்பத்தின் பையிலிருந்துதான் வர வேண்டுமா என்பதும் கேட்கப்பட வேண்டும். மத்திய அரசின் 'அடிப்' திட்டம் வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு உபகரணங்கள் தருகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்குத் தேவையான வசதிகளைச் செய்து தரும் பொறுப்பை அந்த நிறுவனங்களிடமே ஒப்படைக்கிறது. ஆனால் சட்டத்தைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதுவதைவிடச் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்வது சுலபம் என்று பல ஊழியர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கும்போது அடுத்து வருபவரும் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டியதாகிறது.

மலிவானதும் சில சமயம் சரியானதாக இருக்கலாம். வெள்ளைக் கோலுக்குக் கீழே உள்ள பள்ளம் தெரியும்; நெற்றி உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல் கதவு தெரியாது. டெல்லி ஐஐடி உருவாக்கி, சென்னை நிறுவனம் ஒன்று தயாரித்து, 2014இல் வெளிவந்த 'ஸ்மார்ட் கேன்' அந்த ஒரு குறையை மட்டும் கவனித்தது. கோலின் பிடியில் பொருத்தினால், ஒலி அலைகளால் எதிரே உள்ள தடையை உணர்ந்து கையில் அதிர்வாகச் சொல்கிறது. விலை ஆயிரங்களில்தான், லட்சங்களில் அல்ல. நெற்றியில் அடிபட்டவர்களிடம் முதலில் விசாரித்துவிட்டுச் செய்த கருவி அது.

அந்த விசாரணைதான் பல வீடுகளில் நடப்பதில்லை. கருவியைக் கண்டு வியப்பவர்கள் பார்வை உள்ளவர்கள். பணம் கட்டுபவர்களும் அவர்களே. பரிசாக வந்த பல கருவிகள் அலமாரியில் தூங்க இதுவே காரணம். விற்பனைப் பிரதிநிதியிடம் ஒரு மாதம் வைத்துப் பார்க்கக் கேட்பதும், ஏற்கெனவே ஒரு வருடம் பயன்படுத்திய இன்னொரு பார்வையற்றவரிடம் அரை மணி நேரம் பேசுவதும் செலவில்லாத காரியங்கள். அதற்கும் முன்னால், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருக்கும் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். செய்தித்தாளை அவள் காலையிலேயே போனில் கேட்டு முடித்திருப்பாள். வரும் பஸ் எந்த நம்பர் என்று இந்தக் கண்ணாடி சொல்லுமா என்பதாகக்கூட இருக்கலாம் அவளுடைய கேள்வி. அதற்குப் பதில் கிடைத்த பிறகு பிராவிடண்ட் ஃபண்ட் பாரத்தை எடுத்தால் போதும்.