184 கி.மீ. பறக்க ஒரு மணி நேரமா? திருச்சி – யாழ்ப்பாணம் கணக்கு

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்? வரைபடத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 184 கி.மீ.தான். திருச்சியிலிருந்து கோவைக்கு நேர்கோட்டுத் தூரமும் ஏறத்தாழ இதேதான்! நடுவில் கடல் இருப்பதால்தான் யாழ்ப்பாணம் ரொம்பத் தொலைவு போலத் தெரிகிறது.

2025 மார்ச் 30 அன்று இண்டிகோ இந்த வழித்தடத்தில் சேவையைத் தொடங்கியது. அதற்கு முன்பு திருச்சிக்காரர்கள் சென்னை போய் விமானம் ஏற வேண்டும். இல்லையென்றால் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து சுமார் 400 கி.மீ. சாலையில் போக வேண்டும். ஒரு பகல் முழுக்க அதிலேயே போய்விடும்.

சரி, பறக்கும் நேரம் எவ்வளவு? இந்தத் தடத்தில் பறப்பது 78 இருக்கைகள் கொண்ட ஏடிஆர் விமானம். அது மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கக்கூடியது. அப்படிப் பார்த்தால் 22 நிமிடம் போதுமே என்று தோன்றும். ஆனால் அட்டவணையில் போட்டிருப்பது சுமார் ஒரு மணி நேரம். ஏன்?

விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, அங்கே போய் நிற்கும் வரை எல்லாமே இந்த நேரத்தில் அடக்கம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது ஆகியவற்றுக்கு ஆகும் நேரம், தூரம் குறைவு என்பதற்காகக் குறையாது. சென்னை – யாழ்ப்பாணம் தூரம் ஏறக்குறைய இரு மடங்கு, சுமார் 355 கி.மீ. பயண நேரமோ சுமார் ஒன்றேகால் மணிதான்!

இந்த 'ஒரு மணி நேரத்தை' நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். "பக்கத்து ஊர்தானே, கடைசி நேரத்தில் போய் ஏறிக்கலாம்" என்று கிளம்பினால் நடக்காது. சின்ன விமானமானாலும் இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் உண்டு. புறப்படுவதற்கு வெகு முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். வழக்கமாகச் சொல்வதுபோல மூன்று மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது. இறங்கியதும் சோதனைகளுக்கு முக்கால் மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு இன்னும் சுமார் 16 கி.மீ. இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரத்தைத் தாண்டுகிறது. கிட்டத்தட்ட கோவைக்கு பஸ்ஸில் போகிற நேரம்! ஒரே ஆறுதல், கடிகாரத்தை மாற்ற வேண்டாம். இரு நாட்டுக்கும் நேரம் ஒன்றுதான்.

ஆக, இந்தப் பயணத்தில் வானத்தில் குறைக்க ஒன்றுமில்லை. குறைக்க முடிந்தது தரையில்தான் இருக்கிறது. 78 பேர் வந்து போகும் ஒரு விமானத்துக்குக் கூடுதலாக இரண்டு சோதனைக் கவுன்ட்டர்களைத் திறப்பது பெரிய செலவில்லை. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் கடல் தாண்டி ஓடுகிறவர்களுக்கு அந்த அரை மணி நேரம் பெரிது. இரு நாட்டு அதிகாரிகளும் முதலில் அதைக் குறைக்கட்டும்.