கிங்காங் என்று ஒரு பட்டப்பெயர்



சென்ற மாதம் எங்கள் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள் நடந்தது. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தையார் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். லாரி ஓட்டுநர். இரவெல்லாம் ஓட்டிவிட்டு நேரே பள்ளிக்கு வந்திருந்தார். மகனின் மதிப்பெண் அறிக்கையை நீட்டினேன். அதை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஐயா, பாடமெல்லாம் இருக்கட்டும். பையன் ஒரு வாரமா பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு அழுறான். எல்லாரும் அவனைக் 'கிங்காங்'னு கூப்பிடுறாங்களாம். நீங்களும் ஒருநாள் அதைக் கேட்டுச் சிரிச்சீங்களாம்" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எனக்கு உடனே நினைவு வந்துவிட்டது. விளையாட்டுப் போட்டிக்குக் கயிறிழுக்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. "கிங்காங்கைக் கடைசியில நிறுத்துங்க ஐயா, நாமதான் ஜெயிப்போம்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அந்தப் பையன் வகுப்பிலேயே பருத்தவன். நிறமும் சற்றுக் கூடுதலான கறுப்பு. நான் அவனைக் கடைசியில் நிறுத்தினேன். சிரித்தேன் என்பதும் உண்மைதான். அந்தப் பெயர் எனக்கு என் அப்பாவை நினைவூட்டியதால் வந்த சிரிப்பு அது. அது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இளைய ஆசிரியர்கள் பலர் அதைத் திரைப்படக் குரங்கின் பெயராக மட்டுமே அறிவார்கள்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர் என் அப்பா. அந்தத் தோட்டத்தில் இன்று ஒரு ரப்பர் மரம்கூட இல்லை, எல்லாம் செம்பனை. 1950களில் அங்கிருந்த லயன் வீடுகளில் பால்மரம் வெட்டிய மக்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் திடலில் திரை கட்டிக் காட்டும் படமும், கோயில் திருவிழாக் கூத்தும்தான். சம்பளம் போட்ட பிறகு கையில் ஏதேனும் மிஞ்சினால் ஈப்போவுக்குப் பேருந்து ஏறுவார்கள். சிங்கப்பூரில் கிரேட் வோர்ல்டு, ஹேப்பி வோர்ல்டு என்ற கேளிக்கைப் பூங்காக்கள் இருந்ததுபோல் ஈப்போவில் ஜூபிலி பார்க் இருந்தது. என் தாத்தா ஒருமுறை அப்பாவை ஈப்போவுக்கு அழைத்துச் சென்று மல்யுத்தம் காட்டினாராம். எந்த ஆண்டு என்பது அப்பாவுக்கே நினைவில்லை. ஆனால் அன்று பார்த்த கிங்காங்கைப் பற்றி மட்டும் சாகும்வரை பேசிக்கொண்டிருந்தார்.

அந்தக் கிங்காங்கின் இயற்பெயர் எமில் சாயா. 1909இல் பிறந்த, ஹங்கேரிய வழிவந்த ஐரோப்பியர். எடை ஏறத்தாழ 180 கிலோ. 1933இல் வெளிவந்த ஆங்கிலப் படத்தின் மாபெரும் குரங்கின் பெயரே அவருக்கு மேடைப் பெயராயிற்று. இந்தியாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பல்லாண்டுகள் மோதினார். 1955இல் ஜப்பானுக்குச் சென்று அந்நாட்டின் புகழ்பெற்ற வீரர் ரிக்கிதோசானிடம் தோற்றார். சிங்கப்பூரையே தம் ஊராக்கிக்கொண்டு வாழ்ந்தவர், 1970இல் சாலை விபத்தொன்றுக்குப் பின் இறந்துபோனார்.

அவர் மேடையில் ஏற்ற வேடம் கெட்டவன் வேடம். அப்பா அதை நடித்தே காட்டுவார். நடந்து வரும்போதே கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமுவாராம். நடுவர் மறுபக்கம் திரும்பினால் எதிராளியின் கண்ணில் விரலை விடுவாராம். பெண்கள் இருக்கும் பக்கம் போய் வயிற்றைத் தட்டிக் காட்டுவாராம். கூட்டம் கொதித்துப்போய் வேர்க்கடலைத் தோலையும் காகிதத்தையும் வீசுமாம். "ஏன்டா, அன்னைக்கு எங்கையில கல்லு இருந்திருந்தா அடிச்சிருப்பேன்" என்பார் அப்பா. யாரையும் அதட்டிப் பேசாத மனிதர் அவர். தோட்டத்தில் கங்காணிக்கும் கிராணிக்கும் குனிந்தே பழகியவர்கள், நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த காசுக்கு ஓர் இரவு ஒரு வெள்ளைக்காரரை வாய்விட்டு ஏசிவிட்டு வந்தார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அப்பா ஒருபோதும் இப்படிச் சொன்னதில்லை. இது என் கணிப்புதான்.

கிங்காங்கை வீழ்த்த ஒருவர் வேண்டுமே! அவர்தான் தாரா சிங். 1947இல் பஞ்சாபிலிருந்து பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்தவர். அங்கேதான் இந்தத் தொழிலைப் பயின்றார். பிறகு இருவரும் ஊர் ஊராக, நாடு நாடாக மோதினார்கள். தாரா சிங் கிங்காங்கைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றினார் என்ற கதையை எங்கள் தோட்டத்தில் அறியாதவர் இல்லை. பின்னாளில் தாரா சிங் திரைப்படங்களுக்குச் சென்றார். 1962இல் அவர் நாயகனாக நடித்து வந்த இந்திப் படத்தின் பெயரே 'கிங்காங்'. 1987இல் தொடங்கிய தூர்தர்ஷன் இராமாயணத் தொடரில் அனுமனாக வந்தவரும் அவரே. குரங்கின் பெயரை வைத்துக்கொண்டவர் மேடையில் ஏச்சு வாங்கினார். அவரை வென்றவரோ குரங்கு முகத்தோடு தோன்றியபோது மக்கள் கைகூப்பினார்கள். இந்த வேடிக்கையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

சரி, இதற்கும் என் மாணவனுக்கும் என்ன தொடர்பு?

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி பெரும்பாலும் முன்பே பேசிவைக்கப்படுவது. அமெரிக்காவின் பெரிய மல்யுத்த நிறுவனமே 1989இல் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தில், தங்கள் நிகழ்ச்சி போட்டி அன்று, கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டது. ஆக, மேடையில் வீசப்படும் வசைக்கும் அவமதிப்புக்கும் பின்னால் ஓர் உடன்படிக்கை இருக்கிறது. நான் உன்னைத் திட்டுவேன், நீ என்னைத் தூக்கி எறி, கூட்டம் என்னை வெறுக்கட்டும், வருமானத்தைப் பகிர்ந்துகொள்வோம் என்பதுதான் அது. எமில் சாயா குரங்கின் பெயரைத் தாமே ஏற்றார். அதற்குக் கூலியும் பெற்றார். விளக்கை அணைத்தபின் அந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக அவரால் முடிந்தது.

என் மாணவன் எந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டான்?

இதைப் பிறரைச் சுட்டிச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. நான் இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் வேறொரு மல்யுத்தப் பாத்திரம் எங்களை ஆட்டிவைத்தது. 1995இல் அமெரிக்க மேடையில் தோன்றிய 'கோல்டஸ்ட்' அது. உடல் முழுவதும் பொன்னிற உடை, முகத்தில் பொன்னும் கறுப்புமாக வண்ணப்பூச்சு, பொன்னிறப் பொய்முடி. நடையும் பேச்சும் ஆணா பெண்ணா என்று குழம்பும்படி இருக்கும். எதிராளியைத் தழுவுவதுபோல் நெருங்கிக் கூச்சப்படுத்துவதே அவர் உத்தி. டஸ்டின் ரன்னல்ஸ் என்பவர் அந்த வேடத்தை ஏற்றிருந்தார். அவர் தந்தை டஸ்டி ரோட்ஸும் பெரும் மல்யுத்த வீரர். 1996 சனவரியில் கோல்டஸ்ட் ஒரு பட்டத்தை வென்றார். அதே ஆண்டு மார்ச்சில் ரெஸில்மேனியா நிகழ்ச்சியில் எதிராளி அவரது மேலாடையை உரித்தார். உள்ளே அவர் அணிந்திருந்தது பெண்களின் உள்ளாடை. அரங்கம் ஆர்ப்பரித்தது. வாடகை ஒளிநாடாவில் அதைப் பார்த்த நாங்களும் ஆர்ப்பரித்தோம்.

கிங்காங்கை மக்கள் ஏசியது அவர் செய்த கள்ளாட்டத்துக்காக. கோல்டஸ்டை ஏசியதோ அவர் பெண்மை காட்டியதற்காக. வேற்றுமை பெரிது. நடிகர் என்ற முறையில் ரன்னல்ஸ் தேர்ந்தவர். அந்த வேடத்தை அவரளவுக்கு வேறொருவர் தாங்கியிருக்க முடியாது என்றே இன்றும் எண்ணுகிறேன். ஆனால் அந்த வேடத்தை எழுதியவர்கள், கூட்டத்தின் மனத்தில் ஏற்கெனவே கிடந்த அருவருப்பைக் காசாக்கினார்கள்.

எங்கள் குடியிருப்பில் என் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மென்மையான குரல், நளினமான நடை. திருவிழா நாடகங்களில் பெண் வேடம் என்றால் அவன்தான். அவனுக்குக் 'கோல்டஸ்ட்' என்று பெயர் வைத்தவன் நான். ஒரு வாரத்தில் குடியிருப்பு முழுவதும் பரவியது. மறு ஆண்டு ஒத்திகைக்கு அவன் வரவில்லை. அதன்பின் மேடை ஏறவே இல்லை.

இத்தனைக்கும் அவன் கடைசியாக ஏற்ற வேடம் பிருகன்னளை. அருச்சுனன் விராட நாட்டில் பேடியுருவம் தாங்கி, இளவரசி உத்தரைக்கு ஆடல் கற்பித்தானே, அந்த வேடம். ஊர்ப் பாட்டிமார் அவன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்ததை நான் பார்த்திருக்கிறேன். பெண் வேடம் கட்டும் ஆணை மதிக்க நம் கூத்துமேடைக்குத் தெரிந்திருந்தது. அந்த மதிப்பைக் கலைக்க எனக்கு ஓர் ஒளிநாடா போதுமானதாக இருந்தது.

ரன்னல்ஸுக்குக் காலம் கனிந்தது. 2019 மே மாதம் ஐம்பது வயதில் தம் தம்பி கோடியோடு அவர் மோதிய போட்டியில், முகமெல்லாம் குருதி வழிய நின்றவரை அரங்கம் எழுந்து நின்று பாராட்டியது. முடிவில் அண்ணனும் தம்பியும் கட்டியணைத்துக்கொண்டார்கள். அதைக் கணினியில் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் குடியிருப்புப் பையன்தான்.

இதனால் மல்யுத்தமே கூடாது என்று சொல்ல மாட்டேன். தடை போட்டால் பிள்ளைகள் கைப்பேசியில் ஒளித்துப் பார்ப்பார்கள், அவ்வளவே. இவ்விளையாட்டிலும் வரம்பை மீறிப் பிறரை இழிவுபடுத்தாதவர்கள் உண்டு. நம் நாட்டின் நோர் டயானா, முக்காடு அணிந்தே மேடையேறி, 2019 சூலையில் நான்கு ஆண்களை வென்று மலேசிய மல்யுத்தப் பட்டத்தைக் கைப்பற்றினார். அவரும் வரம்பைத் தாண்டியவர்தாம். அதற்கு அவர் யாரையும் கேலிப்பொருள் ஆக்கவில்லை.

பெற்றோர்களே, பிள்ளைகளோடு சேர்ந்து அமர்ந்து பாருங்கள். "இது பேசிவைத்த ஆட்டம், அடிப்பவரும் அடிபடுபவரும் ஒரே பேருந்தில் அடுத்த ஊருக்குப் போவார்கள்" என்று சொல்லிக்கொடுங்கள். ஆசிரியர்களே, பட்டப்பெயர் கேட்டுச் சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பயிற்சிக் கழகத்தில் எனக்கு வகுப்பறைக் கட்டுப்பாடு கற்பித்தார்கள். ஆசிரியரின் சிரிப்பு ஒரு பெயருக்கு முத்திரை குத்திவிடும் என்பதை யாரும் கற்பிக்கவில்லை.

அந்தத் தந்தையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் பையன் வந்தான். வகுப்பின் முன்னால் அவனிடமும் கேட்டேன். பிறகு கிங்காங் கதையையும் தாரா சிங் கதையையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அனுமன் செய்தி அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அந்தப் பையன் மட்டும் கையை உயர்த்தி, "ஐயா, அவரோட உண்மையான பேர் என்ன?" என்று கேட்டான். எமில் சாயா என்று கரும்பலகையில் எழுதினேன். தன் பயிற்சி ஏட்டின் பின்பக்கத்தில் அதை எழுதி வைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் மீண்டும் கயிறிழுக்கும் பயிற்சி. யார் எங்கே நிற்க விரும்புகிறீர்கள் என்று இம்முறை கேட்டேன். முன்னால் நிற்கிறேன் என்றான் அவன். கடைசியில் ஒல்லியான பையன் ஒருவன் போய் நின்றான். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் எங்களை எளிதாக இழுத்துத் தள்ளிவிட்டார்கள்.