100 மைல் வேகம்... ஒரு வருஷம் ஓய்வு! பேஸ்பால் ரசிகர்கள் டேட்டா மேல ஏன் இவ்ளோ கடுப்புல இருக்காங்க?

ஒரு சின்ன கற்பனை. ஃபைனல் மேட்ச். உங்க ஃபேவரைட் பௌலர் தாறுமாறு ஃபார்ம்ல இருக்கார். எதிரணியோட டாப் 3 பேட்டர்களுக்கும் அவர் பந்து கண்ணுலயே படலை. அப்போ கோச் உள்ள வந்து, "போதும்பா, கிளம்பு. இனி இந்த மேட்ச்ல உனக்கு வேலை இல்லை"ன்னு அனுப்பி வெச்சா எப்படி இருக்கும்? டிவி ரிமோட் பறந்திருக்கும்ல?

டாம்பா பே ரேஸ் ரசிகர்களுக்கு இது கற்பனை இல்லை. 2020 அக்டோபர் 27. அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான வேர்ல்டு சீரிஸ், 6-வது ஆட்டம். தோற்றால் கதை முடிந்தது. ரேஸ் 1-0 என முன்னிலை. அவர்களின் பிட்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்துகள் வீசி, 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, 2 ஹிட் மட்டுமே கொடுத்திருந்தார். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேட்டர்களும் அவரிடம் தலா இரண்டு முறை ஸ்ட்ரைக் அவுட்!

6-வது இன்னிங்ஸில் அந்த இரண்டாவது ஹிட் விழுந்ததும் ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். பேஸ்பாலில் ஒருமுறை வெளியே போனால் போனதுதான். அந்த மேட்ச்சில் திரும்ப வர முடியாது. மாற்றாக வந்தவர் நிக் ஆண்டர்சன். கொஞ்ச நேரத்திலேயே டாட்ஜர்ஸ் 2-1 என முந்தியது. கடைசியில் 3-1 என ஜெயித்து கோப்பையைத் தூக்கியது. இரண்டே மாதத்தில் ஸ்னெல்லை சான் டியாகோ அணிக்கு டிரேடு செய்தது ரேஸ்.

ஏன் தூக்கினாங்க?

கேஷ் அன்றைக்குத் தோன்றியதைச் செய்யவில்லை. கணக்கைச் செய்தார். பேஸ்பாலில் 9 பேட்டர்கள் வரிசையாக வருவார்கள். 9 பேர் முடிந்ததும் மறுபடி முதல் ஆள். ஒரே பிட்சரை மூன்றாவது முறையாகச் சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்கள் என்பது பல வருட டேட்டா சொல்லும் உண்மை. அவருடைய பந்துகள் பழகிவிடும், அவரும் களைத்திருப்பார். அதனால் 'மூணாவது ரவுண்டுக்கு முன்னாடி ஆளை மாத்து' என்பது இன்று பல அணிகளின் வேதம்.

கணக்கு சராசரியாகச் சரிதான். ஆனா அன்னிக்கு ராத்திரி மைதானத்துல நின்னது சராசரி இல்லையே, ஸ்னெல்! ரசிகனோட முதல் கடுப்பு இங்கேதான் ஆரம்பிக்குது.

ஆனால், ஒரு தோல்வியை வைத்து மட்டும் டேட்டாவைத் திட்டினால் அது வெறும் புலம்பல். கவனிக்கவேண்டிய பெரிய விஷயம் வேறு. இந்தக் கணக்கு பிட்சர்களின் முழங்கைக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது?

முழங்கையில ஒரு கயிறு

நம் முழங்கையின் உள்பக்கத்தில் மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இழுத்துப் பிடிக்கும் ஒரு லிகமென்ட் இருக்கிறது. கயிறு மாதிரி. மணிக்கு 95, 100 மைல் வேகத்தில் பந்தை வீசும்போது மொத்த முறுக்கமும் அங்கேதான் விழும். தசையை ஜிம்மில் ஏற்றலாம். இந்தக் கயிறை அப்படி ஏற்ற முடியாது.

அது அறுந்தால்? 1974-ல் டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு அது நடந்தது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் உடம்பின் வேறு இடத்திலிருந்து தசைநார் ஒன்றை எடுத்து முழங்கையில் பொருத்தினார். 1976-ல் திரும்பி வந்த டாமி ஜான், 1989 வரை ஆடினார். அறுவை சிகிச்சைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. குணமாகி வர இன்றும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

அன்று அது அதிசயம். இன்று? மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகமே 200-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசி, 2024 டிசம்பரில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. மேஜர், மைனர் லீக்குகளில் சேர்த்து 2010-ல் 104 ஆக இருந்த இந்த லிகமென்ட் ஆபரேஷன்கள், 2024-ல் 281. சாதாரண வேகப்பந்தின் சராசரி வேகம் 2008-ல் மணிக்கு 91.3 மைல், 2024-ல் 94.2 மைல். நம்ம கணக்குல 147 கிலோமீட்டர்ல இருந்து கிட்டத்தட்ட 152. சராசரியே அவ்ளோ!

காரணமாக அறிக்கை முதலில் கைகாட்டுவது வேகத்துக்கான துரத்தலையும், ஒவ்வொரு பந்தையும் முழுபலத்தோடு வீசுவதையும்தான். 'பிட்ச் கிளாக்'னு ஒரு டைமர் கொண்டுவந்ததுதான் காரணம் என்று வீரர்கள் சங்கம் சொன்னது. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது அறிக்கை.

சுத்திச் சுத்தி வர்ற வட்டம்

இப்போ ரெண்டையும் சேர்த்துப் பாருங்க.

'நீ 5 இன்னிங்ஸ் போட்டா போதும், அப்புறம் ஆளை மாத்திடுவோம்' என்று பிட்சரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? சக்தியைச் சேமிக்க மாட்டார். முதல் பந்திலிருந்தே முழுபலத்தோடு வீசுவார். அடுத்து வருபவர் ஒரே ஒரு இன்னிங்ஸ்தான் வீசப்போகிறார். அவர் இன்னும் வேகமாக வீசுவார். கை அதிகம் தேயும். காயம் கூடும். காயம் கூடியதும் நிர்வாகம் என்ன சொல்லும்? 'பார்த்தீங்களா, கையைக் காப்பாத்தணும், சீக்கிரமே வெளிய எடுங்க!' மறுபடி முதலிலிருந்து.

பாதுகாப்புக்காக ஓவரைக் குறைத்தார்கள். ஓவர் குறைந்ததால் வேகம் கூடியது. வேகம் கூடியதால் காயம் கூடியது. ஒவ்வொரு படியும் தனித்தனியாகப் பார்த்தால் புத்திசாலித்தனம். மொத்தமாகப் பார்த்தால்தான் விபரீதம் தெரிகிறது. 2024-ல் லீக்கின் 2,400-க்கும் மேற்பட்ட மேட்ச்களில், ஒரே பிட்சர் கடைசிவரை வீசி முடித்தவை 30-ஐக்கூடத் தொடவில்லை.

'கைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும் ஏன் வீசறாங்க?'ன்னு கேட்கலாம். சம்பளத்தைப் பாருங்க. 2024-ல் மேஜர் லீக்கின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,40,000 டாலர். அதற்கு ஒரு படி கீழே, டிரிபிள்-ஏ மைனர் லீக்கில் குறைந்தபட்சம் சுமார் 36,000 டாலர். அந்தப் படியைத் தாண்டவைக்கும் டிக்கெட், வேகம். 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் 'ஸ்டாட்காஸ்ட்' இருக்கிறது. 92 மைலில் சாமர்த்தியமாக வீசுபவரைவிட, 98 மைலில் வீசுபவர் திரையில் பளிச்சென்று தெரிவார். இந்த நிலைமையில் 'மெதுவா வீசு தம்பி'ன்னு யார் சொல்றது? சொன்னா கேட்கத்தான் முடியுமா?

அந்தக் காலம் மட்டும் சொர்க்கமா?

இல்லை. இதையும் நேர்மையாகச் சொல்லணும். 1960-களின் சூப்பர் ஸ்டார் சாண்டி கோஃபாக்ஸ், 1965, 1966 இரண்டு சீசன்களிலும் 300 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். இரண்டிலும் தலா 27 மேட்ச்களை முழுதாக முடித்தார். முழங்கை மூட்டுவாதம் தாங்காமல் 30 வயதிலேயே ஓய்வு பெற்றார். 'எங்க காலத்துல எல்லாம்...' என்று ஆரம்பிக்கும் சீனியர் ரசிகர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள்.

டேட்டாவும் வில்லனாகப் பிறக்கவில்லை. 2002-ல் பணம் இல்லாத ஓக்லாந்து அணி, மற்றவர்கள் கண்டுகொள்ளாத வீரர்களைப் புள்ளிவிவரம் மூலம் கண்டுபிடித்து, தொடர்ந்து 20 மேட்ச் ஜெயித்தது. பிராட் பிட் நடித்த 'மணிபால்' படம் அந்தக் கதைதான். ஏழை அணிக்குக் கிடைத்த ஆயுதம் என்பதால்தான் அதை ரசிகர்கள் கொண்டாடினார்கள். இன்று எல்லா அணிகளிடமும் அந்த ஆயுதம் இருக்கிறது. எல்லாரும் ஒரே கணக்கைப் போட்டு, ஒரே விடைக்கு வருகிறார்கள்.

பில் கட்டுறது யாரு?

அணிக்கு ஒரு பிட்சர் போனால் இன்னொருவர். 2022 டிசம்பரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ், 5 வருடத்துக்கு 185 மில்லியன் டாலர் பேசி ஜேக்கப் டிகிராமை எடுத்தது. 2023 சீசனில் 6 மேட்ச்களைத்தான் அவரால் தொடங்க முடிந்தது. முழங்கையில் இரண்டாவது டாமி ஜான் ஆபரேஷன். அவர் இல்லாமலே ரேஞ்சர்ஸ் அந்த வருடம் வேர்ல்டு சீரிஸ் ஜெயித்தது! அணியின் கணக்கில் இழப்பு நேரானது. முழங்கையின் கணக்கு?

ஸ்னெல்லுக்கு மாற்றாக வந்த நிக் ஆண்டர்சன் ஞாபகம் இருக்கா? அடுத்த வருடமே, 2021-ல், அவர் முழங்கை லிகமென்ட்டில் கிழிசல். பெரும்பாலான சீசன் போனது. பிறகு ஆபரேஷன். அந்த ராத்திரியைப் பற்றி வந்த விவாதங்களில் ஸ்னெல்லின் பெயர்தான் ஓடியது. கணக்குக்காக உள்ளே வந்தவரின் கையைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம்.

அதனால்தான் 2025 வேர்ல்டு சீரிஸில் டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ 105 பந்துகள் வீசி 2-வது ஆட்டத்தைத் தனியாளாக முடித்தபோது, எதிரணி ரசிகர்கள்கூட ரசித்தார்கள். ஆனால், 6-வது ஆட்டத்தில் 96 பந்துகள் வீசியவரை மறுநாளே 7-வது ஆட்டத்திலும் இறக்கினார்களே, அதை என்ன சொல்ல? ஜெயித்ததால் வீரம். கை போயிருந்தால்?

அப்போ வழி?

விதியை மாற்றுவதுதான். இதை லீக் ஏற்கெனவே செய்துகாட்டியிருக்கிறது. ஒவ்வொரு பேட்டருக்கும் டேட்டா பார்த்து ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவித்ததால் ஆட்டம் சலித்தபோது, 2023-ல் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. அணிகளும் உடனே மாறின. ஏன்னா, டேட்டா என்பது விதிக்குள் ஜெயிக்கும் வழியைத் தேடும் கருவி. விதி மாறினால் அதன் விடையும் மாறும். அணியில் பிட்சர்கள் எண்ணிக்கைக்கு இப்போதுள்ள 13 என்ற உச்சவரம்பை இன்னும் குறைக்கலாம். தொடக்க பிட்சரை வெளியே எடுத்தால் அணியின் சிறப்பு பேட்டரையும் இழக்கவேண்டும் என்ற விதியை, 2021-ல் அட்லான்டிக் லீக் முயன்று பார்த்தது. நீண்ட நேரம் வீசவேண்டிய கட்டாயம் வந்தால், எல்லாப் பந்தையும் முழுபலத்தோடு வீச முடியாது. வேகம் தானாக இறங்கும்.

அது நடக்கும்வரை நஷ்டம் பெரிய வீரர்களோடு நிற்காது. இந்த வேகத் துரத்தல் பள்ளிப் பையன்கள்வரை இறங்கிவிட்டதாக அதே அறிக்கை எச்சரிக்கிறது. ஸ்பீடு கன்னைப் பார்த்துக்கொண்டே வளரும் கைகள் அவை.

அடுத்த தடவை '101 மைல்... தீப்பொறி!'ன்னு ஒரு ரீல் உங்க போன்ல வந்தா, தாராளமா லைக் போடுங்க. கூடவே அந்தப் பிட்சர் பெயரைப் போட்டு, போன வருஷம் எத்தனை மேட்ச் ஆடினார்னு தேடிப் பாருங்க. அந்த ரீல்ல இல்லாத நம்பர் அதுதான்.