வரைபடம் இருக்கிறது, மலை இல்லை

ஒரு மலையை வெட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தால் நம்மில் ஒரு கூட்டம் உடனே என்ன செய்கிறது? ட்ரோனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. நாலாயிரம் படம், ஒரு லேசர் ஸ்கேன், முப்பரிமாண மாதிரி, கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர். அப்புறம் ஒரு பெருமூச்சு: "பரவாயில்லை, ஆவணப்படுத்தியாவது விட்டோம்."

நான் மென்பொருள் தொழிலில் இருப்பவன். இந்தப் பேச்சு எங்கள் ஆட்களிடம்தான் அதிகம். அந்த உரிமையில் சொல்கிறேன், இந்த நிம்மதி பொய். பொய் மட்டுமில்லை, குவாரி எடுப்பவருக்கு நாம் இலவசமாகச் செய்துகொடுக்கிற வேலையும் இதுதான். "எல்லாம் பதிவு பண்ணியாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்க அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

நூறு வருடத்துக்கு முன்பே இதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டார்கள். வடக்கு வேல்ஸில் கடலை ஒட்டி பென்மைன்மௌர் என்றொரு மலை. அதன் உச்சியில் பிரைக் அ டினாஸ் என்ற கோட்டை இருந்தது. இரும்புக் காலத்தது. அடுக்கடுக்காகக் கல் மதில்கள், உள்ளே வட்ட வட்டமாகக் குடிசை அடித்தளங்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தாமஸ் பென்னன்ட் தன் பயண நூலில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மலையின் கல் உறுதியான கல். தெருவில் பதிக்கலாம், தண்டவாளத்துக்கு அடியில் கொட்டலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிவாரத்தில் தொடங்கிய குவாரி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது.

அப்போது கேம்பிரியத் தொல்லியல் சங்கத்தினர் சும்மா இருக்கவில்லை. ஹெரால்ட் ஹியூஸ் என்பவர் மதில்களை அளந்தார், குடிசைகளைத் தோண்டிப் பார்த்தார், வரைபடத்தோடு சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். குறை சொல்ல முடியாத வேலை. 1920களில் கோட்டை மொத்தமாகப் போய்விட்டது. இடிபாடுகூட மிஞ்சவில்லை. உச்சியையே வெட்டி எடுத்துவிட்டார்கள், கோட்டை இருந்த உயரத்தில் இன்றைக்குத் தரை கிடையாது. ஹியூஸின் கட்டுரையை நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம்.

அதே வேல்ஸில் ட்ரேர் கெயிரி என்ற இன்னொரு மலைக்கோட்டை இருக்கிறது. சுமார் 150 குடிசைகள், ஆளுயர மதில்கள். இன்றும் வாசல் வழியாக நுழைந்து நடக்கலாம். அதை யாரும் கூடுதலாக ஆவணப்படுத்திக் காப்பாற்றவில்லை. குவாரி அந்த உச்சிக்கு ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தின் ட்ரப்ரெய்ன் லா கதை இன்னும் கசப்பு. அந்த மலைக்கோட்டையில் 1919இல் ரோமானிய வெள்ளிப் புதையல் கிடைத்தது. எடின்பரோ அருங்காட்சியகத்தில் கொண்டாடி வைத்தார்கள். 1938இல் அதே மலையில் குவாரி திறந்தார்கள். வடகிழக்குப் பக்கம் பெரிய விள்ளலாகப் போனது. வெள்ளிக்குக் கண்ணாடிப் பெட்டி, மலைக்கு வெடி.

"வெள்ளைக்காரன் ஊர்க் கதை நமக்கு எதுக்குப்பா?" என்று கேட்பீர்கள். நியாயம். நம் ஊருக்கு வருவோம்.

கோட்டை என்றால் மதில் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தமிழ் அப்படி நினைக்கவில்லை. குறளின் அரண் அதிகாரம் நீர், வெட்டவெளி, மலை, காடு இவற்றையே அரண் என்று எண்ணுகிறது. மதில் பேச்சு அதற்குப் பிறகுதான். புறநானூற்றில் கபிலர் பாரியின் பறம்பைப் பற்றி மூவேந்தரிடம் பேசும்போது அதன் மதிலை அளக்கவில்லை. மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று உழாமலே மலை தருவதைப் பட்டியல் போடுகிறார். முற்றுகை தோற்கும் என்பதற்கு அவர் காட்டும் காரணம் அதுதான். மலைதான் கோட்டை.

என் ஊர் சிவகிரி. பெயரிலேயே கிரி. மேற்கே பார்த்தால் மேற்குத்தொடர்ச்சி மலை. 1783இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்த கையோடு இங்கே படையோடு வந்தார். சிவகிரிப் பாளையக்காரர் ஊருக்குள் உட்கார்ந்து சண்டை போடவில்லை, மலையடிக் கோம்பைக்குள் போய்விட்டார். அடர்ந்த காட்டுக்குள் வழி வெட்டித்தான் படை முன்னேற வேண்டியிருந்தது. ஃபுல்லர்ட்டனே இதை எழுதி வைத்திருக்கிறார். அரண்மனை பக்கம் படம் பிடிக்க வருகிறவர்கள் முதுகைக் காட்டி நிற்பது அந்தக் கோட்டைக்குத்தான். "மலை எங்கயும் ஓடியா போயிரும்?" என்று ஊரில் கேட்பார்கள். போகும் மாமா. லாரியில் போகும். தென்காசி மாவட்டத்தின் கல்லும் எம்சாண்டும் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போவதை எல்லோரும்தான் பார்க்கிறோம்.

நம் சட்டமும் இதே கோளாறில்தான் இருக்கிறது. வரைபட மென்பொருளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓர் இடத்தைப் புள்ளியாகக் குறிப்பது வேறு, பரப்பாகக் குறிப்பது வேறு. நடுவண் அரசின் தொல்சின்னச் சட்டம், 2010 திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப் பகுதி என்கிறது. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. ஒரு சிறு குகையை நடுவில் வைத்து 300 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் சுமார் 28 ஹெக்டேர். அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் மலையும், மலையிலிருந்து இறங்கும் ஓடையும், ஓடை நிரப்பும் கண்மாயும் சட்டத்தின் கண்ணில் வெறும் கனமீட்டர். அறிவிக்கப்படாத சின்னத்துக்கு இந்த வட்டமும் கிடையாது.

இதன் விளைவை மேலூர் பக்கம் போனால் கண்ணால் பார்க்கலாம். கீழவளவு பஞ்சபாண்டவர் மலையில் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது, சமணப் படுக்கைகள் இருக்கின்றன, தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. சுற்று வட்டாரத்தில் கிரானைட் எடுத்த பள்ளங்கள், அவற்றில் பச்சைத் தண்ணீர். 2012இல் மதுரை ஆட்சியராக இருந்த சகாயம், கிரானைட் முறைகேட்டில் அரசுக்கு இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று கடிதம் எழுதினார். 2014இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்க நியமித்தது, 2015 நவம்பரில் அறிக்கை வந்தது. அந்தக் கணக்கு அரசுக்கு வரவேண்டிய பணத்தின் கணக்கு. உரிமத்தொகை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் அந்த மலைகள் போயிருக்கும். திருட்டுக் குவாரியை மட்டும் திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கல்லே வேண்டாம் என்கிறாயா, உன் வீட்டு அடுப்படி மேடை என்ன கல்? கிரானைட்தான். வீடு கட்டக் கல் வேண்டும், ரோடு போடவும் வேண்டும். இடிக்கிற கட்டடங்களின் கழிவை மறுபடி பயன்படுத்த 2016லேயே நடுவண் அரசு விதி போட்டிருக்கிறது. அதை ஒழுங்காக நடத்தினாலே கொஞ்சம் பாரம் குறையும். மீதிக்குக் கல் வெட்டித்தான் ஆக வேண்டும். எந்த மலை, யார் முடிவு, எந்த வரிசையில் என்பதுதான் கேள்வி. இப்போதைய வரிசை இது: முதலில் குத்தகை, பிறகு வெடி, பிறகு செய்தி, கடைசியில் ட்ரோன்.

வரிசையை மாற்றிக் காட்டிய ஊர் அதே மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை, சுனைகள். கிரானைட் குவாரியை எதிர்த்து ஏற்கெனவே நின்ற ஊர். 2022 நவம்பரில் 193 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டில் முதலாவது. இங்கே குறித்தது புள்ளியை இல்லை, பரப்பை. இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அந்தப் பரப்பையும் சேர்த்து 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் வட்டாரம் ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. ஊர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் மதுரை நோக்கிப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து.

அங்கே ஆவணத்துக்கு வேலையே இல்லையா? இருந்தது. கல்வெட்டைப் படித்தவர், பறவைகளை எண்ணியவர், கண்மாய்களைக் கணக்கெடுத்தவர் எல்லோருடைய உழைப்பும் ஊர்க்காரர்களின் வாதத்துக்குள் போனது. ஏலத்துக்கு முன்பே அது அவர்கள் கையில் இருந்தது என்பதுதான் முக்கியம். ஹியூஸின் வரைபடத்துக்கு அப்படி ஓர் ஊர் வாய்க்கவில்லை.

ஆகவே ட்ரோனைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. குத்தகை வருவதற்கு முன்னால் பறக்கவிடுங்கள் என்கிறேன். உங்கள் ஊர் மலையின் பெயர், அதன் சர்வே எண்கள், அங்கே இருக்கும் சுனை, குகை, மதில், கோயில், அதிலிருந்து எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் போகிறது என்பது எல்லாம் இரண்டு பக்கத்தில் அடங்கும். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்தது எது என்று பாருங்கள். அந்த இரண்டு பக்கத்தைத் தீர்மானத்தோடு சேர்க்கச் சொல்லி, பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். இன்ஸ்டாகிராமில் போடுவது அதற்கப்புறம் இருக்கட்டும்.