ஒரே அச்சு, இரட்டைப் பிள்ளைகள்

முறுக்கு நாழியின் அச்சில் ஒரு கண் கோணிப் போயிருந்தால் என்ன ஆகும்? மாவு எவ்வளவு பதமாக இருந்தாலும் பிழிகிற முறுக்கெல்லாம் கோணல்தான்! பனிச்சறுக்குக் கட்டை செய்கிறவர்களுக்கும் இதே கவலை உண்டென்றால் நம்புவீர்களா?

நார்வே நாட்டில் அந்தக் காலத்து முறை எளியது. மரப் பலகையின் நுனியை ஆவியில் காட்டி மேல்நோக்கி வளைப்பார்கள். பிறகு இரண்டு கட்டைகளையும் அடிப்பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகி வைப்பார்கள். அதனால் கட்டை வில் போல் லேசாக வளையும். ஏறி நின்றதும் உடல் பாரத்தில் வில் அமுங்கி, கட்டை முழுதும் பனியில் படியும்.

இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிலர் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டை செய்கிறார்கள். மரச் சட்டத்தின் மேலும் கீழும் கண்ணாடி இழைத் துணியை வைத்து, எபாக்ஸிப் பசை தடவி, அச்சின்மேல் கிடத்தி அழுத்துகிறார்கள். அழுத்துவது எது தெரியுமோ? தீயணைக்கும் குழாய்! உறுதியான சட்டத்துக்குள் அதை வைத்துக் காற்றடைத்தால் புடைத்துக் கொண்டு அமுக்கும். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு என்றால், 180 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள கட்டைமேல் சுமார் 5 டன் பாரம்!

அதைத் தாங்க வேண்டுமே அச்சு! ஒரு பிளைவுட் பலகையில் வளைவை வெட்டி, அதையே மாதிரியாக வைத்து இன்னும் பல பலகைகளை அறுக்கிறார்கள். எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி, இரும்புக் கம்பி கோத்து முடுக்கி, மேலே உலோகத் தகட்டைப் போர்த்துகிறார்கள். கெட்டிக்காரர் அச்சை நுனி, நடு, வால் என்று தனித் தனியாகச் செய்வார். நடுவில் ஒரு துண்டைச் சேர்த்தால் நெட்டையருக்கு, எடுத்துவிட்டால் குட்டையருக்கு! மெழுகு தடவி வைத்தால் பசை ஒட்டாது. ஒரே அச்சில் எத்தனையோ ஜோடி எடுக்கலாம்.

ஆனால் மாதிரிப் பலகையில் ஒரு பிசகு நேர்ந்தால் அது அத்தனை ஜோடியிலும் வரும். அச்சு முறுக்கிக் கொண்டிருந்தாலோ கட்டையும் முறுக்கிக் கொள்ளும். சரிவில் திரும்பும்போது ஒரு விளிம்பு பனியைக் கவ்வி ஆளைக் கவிழ்த்துவிடும். பசை இறுகியபின் திருத்த வழியில்லை.

ஆகவே பசையைத் தொடுமுன் ஒரு சோதனை. அச்சின் இரு கோடிகளிலும் குறுக்கே ஒவ்வொரு நேரான சட்டத்தை வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே மட்டமாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை.

தீபாவளிக்கு எத்தனை முறுக்கு வேண்டுமானாலும் இருக்கட்டும், சகோதரிகளே; இந்த முறுக்கு மட்டும் கூடாது!